தேதிக் கண்ணாடி

ஜெயகரன் கையில் கட்டியிருந்த சுவிஸ் கடிகாரத்தைப் பற்றிக் கோலார் தங்கவயல் நந்திதுர்க்கில் இரண்டு கட்சிகள் உண்டு. அசல் என்று சொல்லும் கட்சியில் இருந்தவர் ஜெயகரன் ஒருவர்தான். மற்ற எல்லோரும் எதிர்க்கட்சி. அதற்குத் தலைவர் எதிர்வீட்டுக் கோவிந்தன்.

கோவிந்தனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த மாதிரிக் கடிகாரத்தைச் சினிமா நடிகர்கள் கையிலும் அமைச்சர்கள் கையிலும்தான் ஊர் பார்த்திருக்கிறது. மஸ்கட்டில் டிரைவராக இருந்துவிட்டு வந்த ஒருத்தர் அதைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றால் யார் நம்புவார்கள்? பெட்டி உண்டா என்றால் இல்லை. பில் உண்டா என்றால் அதுவும் இல்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில், முதலாளி ஹிலால் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். அதிலிருந்த கடிகாரத்தைத் தன் கையாலேயே ஜெயகரனுக்குக் கட்டிவிட்டார். கட்டிப் பிடித்தார். அவ்வளவுதான். அந்த வீட்டு வண்டியை இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஓட்டிய ஜெயகரனுக்கு அன்றைக்குக் கண் நிறைந்துவிட்டது, பெட்டி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

கடிகாரத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தேதிக் கண்ணாடி. தேதி தெரியும் சின்னச் சன்னலுக்கு நேர் மேலே, வெளிக் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி. துவரம் பருப்பு அளவுதான் இருக்கும். ஆனால் தேதியை இரண்டு மடங்காக ஊதிக் காட்டும். வெள்ளெழுத்து வந்தவருக்கு அது பெரிய உபகாரம். யாராவது மணி கேட்டால் ஜெயகரன் தேதியையும் சேர்த்தே சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை டீக்கடையில் கோவிந்தன் வாய் சும்மா இருக்கவில்லை.

“அசலா போலியான்னு இன்னும் இன்னாத்துக்கு பேச்சு ஜெயகரா? நெருப்புல ஒருவாட்டி காட்டு. தெரிஞ்சிடும்.”

வேறு ஊர் ஆளாக இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ காலம் ஆகியும், எதைக் கையில் எடுத்தாலும் தங்கத்தைச் சோதிக்கிற மாதிரியே சோதிப்பார்கள். கம்மல் வாங்கினால் அடுப்பில் காட்டுவார்கள். பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினாலும் அடுப்பில் காட்டுவார்கள். ஜெயகரனின் அப்பாவோ சுரங்கத்து மில்லில் தங்கம் உருக்கும் இடத்திலேயே வேலை பார்த்தவர். கேட்க வேண்டுமா?

மனைவி பியூலா சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து அவர் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தார். இடுக்கியால் கடிகாரத்தின் சங்கிலியைப் பிடித்து, முகத்தை நெருப்புப் பக்கம் திருப்பிக் காட்டினார். கருகல் வாசனை வந்தது. அடுத்த கணம் ‘டிக்’கென்று ஒரு சத்தம். தேதிக் கண்ணாடி கழன்று பர்னர் ஓரத்தில் விழுந்து கிடந்தது.

ஜெயகரன் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடி என்ன பிரயோசனம்? நெருப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியானால் அந்த அணைப்பு? தெருவோரம் விற்கிற சாமானைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, ‘இவனுக்கு இது போதும்’ என்று நினைத்துக்கொண்டா ஹிலால் அவரைக் கட்டிப் பிடித்தார்? நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது. கோவிந்தன் சிரிப்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஹிலால் சிரித்திருப்பாரோ என்பதுதான் தாங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மனிதர் உயிரோடும் இல்லை.

துன்பம் தனியாக வராது போலிருக்கிறது. சாயங்காலம் போன் வந்தது. ஹிலாலின் மகன் மாஜித். அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்காகப் பெங்களூருக்கு வந்திருக்கிறான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கோலார் தங்கவயலுக்கு வருகிறான்.

“ஐயோ, வாப்பா வா!” என்று ஜெயகரன் கூவினார். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் வண்டியில் கொண்டுபோய் விட்ட பையன். போனை வைத்த பிறகுதான் கடிகாரம் நினைவுக்கு வந்தது. வந்ததும் அவன் முதலில் பார்க்கப் போவது இவர் கையைத்தான். மொட்டையாகக் கிடக்கிற கடிகாரத்தைப் பார்த்தால் எடுத்துப் புரட்டுவான். போலி என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை தகப்பனை நினைத்துக் கூனிக் குறுகிப் போவான். கட்டாமல் இருந்தாலோ எங்கே என்று கேட்பான்.

ராத்திரியெல்லாம் புரண்டு ஒரு முடிவுக்கு வந்தார். தனக்கு இருக்கிற வலி தன்னோடு போகட்டும். செத்துப்போன மனிதரின் பெயர் மகன் கண் முன்னால் கெடக் கூடாது. கண்ணாடியை ஒட்டியாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ராபர்ட்சன்பேட்டைக்குக் கிளம்பினார். முதல் கடிகாரக் கடைக்காரர் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். பெங்களூர் சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துச் சொல்வார்கள் என்றார். திறந்து பார்த்துச் சொல்லக் கூடாது என்பதுதானே ஜெயகரனின் கவலை. கடைசியில் மார்க்கெட் சந்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தாராவிடம் போய் நின்றார். உடைந்த போன் கண்ணாடியெல்லாம் அவள் கையில் புதிதாகிறது என்று கேள்வி. முப்பது வயசு, பொறுமை மட்டும் கொஞ்சம் மட்டு. கடைச் சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே ‘கடன் கேட்காதீர்’.

“இன்னா அங்கிள் ஆச்சி?”

“அதுவா வுழுந்துச்சிம்மா.”

தாரா கடிகாரத்தை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். கழன்ற கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“அதுவா வுழுந்துச்சா? கோந்து கருகிகினு கீது. ஓரத்துல கரி வேற. அடுப்புல காட்னீங்களா?”

ஜெயகரன் சுவரிலிருந்த புத்தரைப் பார்த்தார். அவர் உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை.

“உங்க வூட்லயுமா?” என்று தாரா தலையில் அடித்துக்கொண்டாள். “எங்கப்பா இப்டித்தான் என் மூக்குத்திய காட்டிக் கருக்கினாரு. இந்த ஊர்ல ஒரு சாமான விட்டு வைக்க மாட்டீங்களா?”

“அசலா இருந்தா நெருப்புக்குத் தாங்கும்ல தாரா? இது வுழுந்துடுச்சே.”

அவர் குரல் உடைந்ததைத் தாரா கவனித்தாள். அவள் குரலும் கொஞ்சம் இறங்கியது.

“அங்கிள், நாங்க போன் கண்ணாடிய கழட்டணும்னாலே சூடு காட்டித்தான் கழட்றோம். சூட்டுல கோந்து வுட்டுக்கும். எந்தக் கோந்தா இருந்தாலும் வுட்டுக்கும். கோந்துக்கு அசலு போலி தெரியுமா?”

“அப்ப இது அசலா?”

“எனக்கு வாட்ச் தெரியாது. கோந்து தெரியும். உக்காருங்க.”

ஜெயகரன் உட்கார்ந்தார். நேற்றிலிருந்து நெஞ்சின் மேல் கிடந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. முழுசாக நகரவில்லை. போலி என்று நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவுதானே.

தாரா மெல்லிய பிளேடால் கருகிய கோந்தைச் சுரண்டினாள். மருந்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு கண்ணாடிகளையும் பளிங்காகத் துடைத்தாள். போன் கண்ணாடிக்குப் போடுகிற பசையில் ஊசி முனையளவு ஒரு சொட்டு வைத்தாள். அந்தப் பசைக்கு ஒரு குணம் உண்டு. ஊதா விளக்கு வெளிச்சம் படுகிறவரை வழுக்கிக்கொண்டே இருக்கும். பட்டால் கல்லாகிவிடும். இடுக்கியால் தேதிக் கண்ணாடியை எடுத்துச் சொட்டின் மேல் இறக்கினாள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி. எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். இந்த முறை இருபத்தொன்றாம் தேதி நடுவில் வந்து, ஊதிப் பெருத்து, நேராக நின்றது. ஜெயகரன் மூச்சே விடவில்லை. வாசலில் யாரோ வந்து நிற்க, தாரா தலை நிமிராமலே, “சொல்ப வெயிட் மாடி” என்று கன்னடத்தில் அதட்டினாள்.

விளக்கைப் போடக் கை நீட்டிய நேரம் கரண்ட் போய்விட்டது.

“போச்சு,” என்றார் ஜெயகரன்.

“போவட்டும். வெளியே கொளுத்துதே வெயிலு, அதுல இல்லாத ஊதாவா? நவுருங்க.”

கடிகாரத்தை ஒரு தட்டில் வைத்து, நிறைகுடம் சுமப்பவளைப் போல அவள் நடந்தாள். கண்ணாடி கோந்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. ஜெயகரன் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து, வாடிக்கையாளரையும் ஒரு மாட்டையும் விலக்கி வழி செய்தார். வாசற்படியில் கால் வைக்கும்போது ஒரு ஸ்கூட்டர் ஆரனை அழுத்தியது. தாரா தோள் ஒரு பொட்டு குலுங்கியது. தட்டை வெயிலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து நின்றார்கள். பங்குனி வெயில் தன் வேலையைச் செய்தது.

தாரா நகத்தால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கண்ணைச் சுருக்கி இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

“கொஞ்சூண்டு சாஞ்சிகினு கீது அங்கிள். சூடு காட்டிக் கழட்டி இன்னொருவாட்டி ஒட்டட்டா?”

“மறுபடி சூடா? வாணாந்தாயி. நல்லா கீது.”

ஞாயிறு மதியம் மாஜித் வந்து இறங்கினான். தாடியும் தொப்பையுமாக நல்ல ஆண்பிள்ளையாக இருந்தான். பேத்தமங்களா ஏரி மீன் குழம்பு தெருவையே இழுத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கோவிந்தன் வேலையில்லாமல் தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

கட்டிப் பிடித்து, முதுகைத் தட்டி, கண்ணைத் துடைத்து உட்கார்ந்ததும் ஜெயகரன் பயந்ததே நடந்தது. மாஜித் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான்.

“இதைப் பாரு ஜெய்,” என்று அவன் தன் சட்டைக் கையை மேலே தள்ளினான். அவன் கையிலும் அதே கடிகாரம். அதே வெள்ளை முகம், அதே தேதிக் கண்ணாடி. “அப்பாவுடையது. அவர் போன பிறகு நான் கட்டுகிறேன். ஒரே கடையில், ஒரே நாளில் இரண்டு வாங்கியிருக்கிறார். ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு.”

வளைகுடாவில் பேசுகிற அந்த இந்தியும் அரபியும் கலந்த பாஷையில் அவன் சொன்னான். மறைக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து கட்டிக் காத்ததெல்லாம் ஜெயகரனை அறியாமல் வெளியே கொட்டிவிட்டது. கோவிந்தன் சொன்னது, அடுப்பில் காட்டியது, கண்ணாடி விழுந்தது, ஹிலாலையே சந்தேகப்பட்டது, எல்லாம்.

மாஜித் முதலில் விழித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இது அசலா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது ஜெய்! அப்பா பேரம் பேசி வாங்குகிற ஆள், உனக்குத் தெரியாதா? உன்னுடையது போலி என்றால் இதுவும் போலிதான். ஏமாந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏமாந்திருப்பார்.”

ஜெயகரனும் சிரித்துவிட்டார். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே தேதி, ஒரே மணி.

“பெங்களூரில் இறங்கியதும் நேரம் மாற்றிவிட்டாயா?” என்று பேச்சுக்குக் கேட்டார். மஸ்கட் நேரம் இங்கிருந்து ஒன்றரை மணி பின்னால்.

“நான் தொடவே இல்லை,” என்றான் மாஜித். “அப்பா இதை இந்திய நேரத்தில்தான் வைத்திருந்தார். நீ போன நாளிலிருந்து கடைசிவரை. மணி பார்க்கும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்வார், இந்நேரம் ஜெய் சாப்பிட்டிருப்பான், இந்நேரம் ஜெய் சர்ச்சுக்குக் கிளம்பியிருப்பான் என்று. நாங்கள் கழித்துக் கழித்துப் பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கும் மாற்ற மனசு வரவில்லை.”

ஜெயகரன் எழுந்தார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று என்னவோ முணுமுணுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். அங்கே சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

குழம்பை இறக்கிக்கொண்டிருந்த பியூலா பதறிப் போனாள். “இன்னாங்க ஆச்சி? அந்தப் புள்ள எதுனா சொல்லிச்சா?”

அவர் மூக்கை உறிஞ்சினார். “அசலுதான் பியூலா,” என்றார்.

பியூலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அத இன்னிக்கித்தான் கண்டுபுட்ச்சீங்களா?” என்றாள். “சோறு ஆறுது, எடுத்துகினு போங்க.”