நூற்றுக்கு இருபத்திரண்டு

தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பவும் என்றது கைபேசி. அவர் தானாகத் தலையைத் திருப்பி நான்கு மாதமாகிறது. கைபேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவருடைய தலையை இரண்டு கைகளாலும் பிடித்து அவள் இடது பக்கம் திருப்பினாள். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தும், ஒரு மனிதனின் தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. திரையின் வட்டத்துக்குள் அவர் முகம் தெரிந்தது. அவர் காதுகளை மூடியபடி அவளுடைய விரல்களும் தெரிந்தன. வேறொருவரின் கை தெரிகிறது, மீண்டும் முயலவும் என்றது கைபேசி.

"கையும் களவுமா மாட்டிக்கிட்ட பாரு," என்றார் அவர்.

அவர் சொல்வது இப்போது அவளுக்கு மட்டும்தான் விளங்கும். நாக்கு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. மற்றவர்கள் காதில் அது வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் விழும். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபோதுதான் யோசனையும் வந்தது. தலையை ஏன் திருப்ப வேண்டும்? நாற்காலியையே திருப்பினால் ஆயிற்று. குனிந்து, திரையில் தன் முகம் விழாதபடி ஒளிந்துகொண்டு, சக்கரத்தைப் பிடித்து நாற்காலியை இடது பக்கம் நகர்த்தினாள், பிறகு வலது பக்கம். மேலே பார்க்கச் சொன்னபோது நாற்காலியின் முன்சக்கரங்களைத் தூக்கிப் பின்னால் சாய்த்தாள். வட்டம் பச்சையானது. உரிமையாளர் உறுதி செய்யப்பட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்றாம் மாடி வீட்டின் சமையலறையில், கருப்பி கைமாறியது இப்படித்தான்.

கருப்பி ஒரு கப்பல். கணினிக்குள் இருக்கும் ஒரு கடலில் ஓடுகிற கப்பல். அவர் கனரக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், சரக்கு ஏற்றும் இடங்களில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும்போது பொழுதுபோக்காக ஆரம்பித்தது. அந்த விளையாட்டில் சேருகிறவனுக்கு முதலில் ஒரு தோணி தருவார்கள். அதில் மீனும் உப்பும் ஏற்றி விற்று, பலகை பலகையாகச் சேர்த்து, பதினோரு வருடத்தில் அவர் கட்டி முடித்த கப்பல் அது. நாற்பத்திரண்டு பீரங்கி, ஒன்பது பாய், கறுப்பு மரத்தில் உடம்பு. அந்தக் கறுப்பு மரத்தைக் கொடுப்பதை விளையாட்டை நடத்துகிறவர்கள் நிறுத்தி ஏழு வருடமாகிறது என்பதால் அப்படியொரு கப்பல் மொத்தமே முப்பதோ நாற்பதோதான் மிச்சம் என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். அவள் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. "என்ன, சின்ன வீட்டுக்குப் போயாச்சா?" என்றுதான் கேட்பாள். ஆரம்பத்தில் அதில் கோபம் இருந்தது. நரம்பு நோய் வந்து, கால் போய், கை போய், வலது கையில் இரண்டு விரல் மட்டும் மிஞ்சிய பிறகு அந்தக் கேள்வியில் கோபமில்லை. காலையில் அவள் கண்ணாடிக் கடைக்குக் கிளம்புமுன் அந்த இரண்டு விரலையும் உருண்டை வைத்த மௌஸின் மேல் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். பகல் பன்னிரண்டுக்கு எதிர் வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை அவருக்கு அந்தக் கடல்தான் துணை. அங்கே அவருக்கு டிரைவரண்ணா என்று பெயர். அங்கே யாரும் அவர் பேச்சைக் கேட்டு, "என்ன சொல்றார்?" என்று அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது அவர்தான்.

கடைக்குப் போகும் வழியில் ஒரு தரைத்தள வீடு காலியானதை அவள் பார்த்து வந்து சொல்லியிருந்தாள். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எட்டு மாதமாக ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வீட்டு வாசலில் படியே இல்லை. கடையில் மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கும் சின்ன அளவுகோல்தான் பையில் இருந்தது. அதை ஆறு தடவை எடுத்து எடுத்து வைத்துக் கதவின் அகலத்தை அளந்தாள். நாற்காலி போகும். முன்னறை ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு மரம். முன்பணம்தான் எட்டாத தூரத்தில் இருந்தது. வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார்.

"கருப்பியை வித்தா வரும்," என்றார் அவர். "நல்ல விலைக்குப் போகும்."

கடைசியாக ஒருமுறை சுற்றிக் காட்டுகிறேன் என்று சனிக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கப்பல் முழுக்கக் கூட்டிப் போனார். ஏணி இறங்கி, சரக்கறை தாண்டி, தலைவன் அறை வரை. சுவரில் வரைபடங்கள், ஒரு விளக்கு, யாரோ ஒரு நண்பன் பரிசாகக் கொடுத்த கிளி. அவள் கண் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது. தன் பெயரை எங்காவது எழுதி வைத்திருப்பார், தன் சாயலில் ஒரு பொம்மையாவது இருக்கும் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. ஒன்றுமில்லை. வீட்டின் வாசனையே இல்லாத இடமாக இருந்தது அது. ஒரு நிமிடம் சுருக்கென்று தைத்தது. பிறகு, மருந்தும் குழாயும் மாற்றுத் துணியுமாக இருக்கிற இந்த வீட்டிலிருந்து போவதற்கு அவருக்கென்று ஒரு இடமாவது இருந்ததே என்று தோன்றியது.

விளையாட்டு நிறுவனத்துக்கென்றே ஒரு சந்தை உண்டு. அதில் போட்டால் நூற்றுக்குப் பதினைந்து சந்தைக்கு, ஐந்து பெயர் மாற்றித் தர, இரண்டு பணத்தை வங்கிக்கு அனுப்பித் தர. மொத்தம் இருபத்திரண்டு. அவள் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். அந்த இருபத்திரண்டு போனால் முன்பணத்துக்குத் துண்டு விழுந்தது.

"பதினோரு வருஷம் கண்ணு வலிக்க நீங்க கட்டினது. சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு இருபத்திரண்டா?"

"போறது போகட்டும். சந்தையிலேயே போடு."

"அந்த விளையாட்டுல மழைக்காலம்னு பேர் வச்சிருக்கிற ஒரு பையன் கேட்டிருக்கான். அன்பளிப்பா மாத்திக் குடுத்தா கட்டணமே கிடையாதாம். பணத்தை நேரா நம்ம கணக்குலயே போட்டுடறேங்கிறான்."

அவர் எச்சில் விழுங்கிக்கொண்டார். அதற்கு அவருக்கு நேரம் எடுக்கும்.

"சுங்கம் கட்டாம சுத்திப் போற ரோடெல்லாம் நான் ஓட்டியிருக்கேன்," என்றார். "லைட் இருக்காது. வண்டி கவுந்தா கேக்க ஆளும் இருக்காது."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பையன் அவளை அக்கா என்று எழுதினான். அண்ணனுக்கு இப்போ எப்படி இருக்குக்கா என்று கேட்டான். விலை பேசும்போதுகூட, நீங்க சொன்னா சரிக்கா என்றான். பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே அனுப்பியும் வைத்தான். வங்கியிலிருந்து செய்தி வந்ததும் அவள் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். அவர் செய்தியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அந்த முகத்தில் என்ன கண்டாரோ, "சரி, உன் இஷ்டம்," என்றார்.

மீதியைச் சாயங்காலத்துக்குள் போட்டுவிடுவதாகச் சொன்ன மழைக்காலம், சாயங்காலம் போடவில்லை. வங்கியில் ஏதோ கோளாறு என்று ஒரு வரி வந்தது. திங்கட்கிழமை அந்த வரியும் வரவில்லை. அக்கா என்று அவன் எழுதியதெல்லாம் அப்படியே இருக்க, அவன் படம் இருந்த இடம் மட்டும் சாம்பல் நிறமானது. அன்று கடையின் பின்னறையில் அவள் ஒரே லென்ஸை மூன்று முறை தேய்த்தாள். மூன்றாவது முறை விளிம்பு உடைந்தது. "உனக்கே கண்ணு டெஸ்ட் பண்ணணும் போலிருக்கே," என்றார் கடைக்காரர். தமாஷாகத்தான் சொன்னார். அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க... அந்தப் பையன் ஏமாத்திட்டான்."

"தெரியும்."

"எப்படி?"

"காலையிலயே பார்த்தேன். கருப்பியைப் பிரிச்சு வித்துட்டான். பாய் ஒருத்தன்கிட்ட, பீரங்கி ஒருத்தன்கிட்ட. சந்தையில தனித்தனியா கெடக்கு."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"நீ வேலைக்குக் கிளம்பிட்டிருந்த. சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு பார்த்தேன்."

நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதனால்தான் மறுநாள் மதிய இடைவேளையில் அவளாகவே அந்த விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினாள். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள்: நோய், மூன்றாம் மாடி, படியில்லாத வீடு, இருபத்திரண்டை மிச்சம் பிடிக்க நினைத்தது, நாற்காலியைத் திருப்பியதுகூட. என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, நான்தான் வற்புறுத்தினேன் என்று முடித்தாள். உண்மையை எழுதினால் இரக்கப்படுவார்கள் என்று நம்பினாள்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல் அவருடைய இரண்டு விரலையும் மௌஸின் மேல் எடுத்து வைத்தாள். கடல் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு பூட்டுப் படமும் அதற்குக் கீழே நான்கு வரியும் இருந்தன. அன்பளிப்பு என்ற பெயரில் பணத்துக்கு விற்றது விதிமீறல். விற்றவர் தரப்பிலேயே அது எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அவர் நான்கு வரியையும் இரண்டு முறை படித்தார். கண் நகர்வதை வைத்து அவளுக்கு அது தெரிந்தது.

"நான்தான் எழுதினேன்," என்றாள். நின்றுகொண்டே சொன்னாள். தோளில் பை மாட்டியபடி இருந்தது. "திருப்பி வாங்கித் தருவாங்கன்னு நினைச்சேன்."

"ம்."

"புதுசா ஒரு கணக்கு ஆரம்பிக்கலாங்க. நான் இப்பவே போட்டுத் தரேன். கப்பல் இல்லாட்டி என்ன, உங்க சிநேகிதங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க. டிரைவரண்ணான்னு சொன்னா தெரியாதா?"

அவர் எச்சிலை விழுங்கினார். ஒவ்வொரு சொல்லாக, அவளுக்குக்கூடக் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"புதுசா வந்தா தோணிதான் குடுப்பான். பதினோரு வருஷம் என்கிட்ட இல்லம்மா."

அன்று அவள் கடைக்குப் போகவில்லை. கணினியை அணைத்தாள். அணைத்த திரையில் இருவருடைய உருவமும் மங்கலாகத் தெரிந்ததால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். தரைத்தள வீட்டுக்காரருக்கு போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை, வீட்டைக் கேட்டு வரிசையில் ஆட்கள் நின்றிருப்பார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் அதிகம் பேசவில்லை. கோபமில்லை, கோபம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குப் போவதற்கு முன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போனாளோ, திரும்பி வரும்போது அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சுவர். ஒரு நாள் கதவு. தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்று கண்ணை மூடித் திறப்பார். எதிர் வீட்டுப் பெண் ரேடியோ கொண்டுவந்து வைத்தாள். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்துவதற்காக அவள் ஜன்னலை அகலத் திறந்தாள். வெளிச்சம் படட்டும் என்று நாற்காலியையும் ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு வந்தாள். கீழே தெருவில் ஒரே இரைச்சல். வீட்டுச் சாமான் ஏற்றிய பெரிய லாரி ஒன்று வளைவில் நுழைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் யாரோ நிறுத்திவிட்டுப் போன கார். நான்கு பேர் நான்கு விதமாகக் கையை ஆட்டினார்கள். ஓட்டுபவனுக்குச் சின்ன வயது. கண்ணாடி வழியே தெரிந்த அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

அவள் ஈரச் சட்டையை உதறிக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பினாள். அவர் கண் தெருவில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க?"

"ஸ்டியரிங்... முழுசா ஒடிச்சு வச்சிருக்கான். நேராக்கச் சொல்லு."

அவள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "தம்பி! ஸ்டியரிங்கை நேராக்குப்பா!"

நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். ஓட்டுபவன் சிரிக்கவில்லை. சக்கரம் நேரானது.

"இப்போ பின்னால விடச் சொல்லு. கம்பத்தைப் பார்க்க வேண்டாம். காரை மட்டும் பார்க்கச் சொல்லு."

"பின்னால விடு! கம்பத்தை விட்டுடு, காரை மட்டும் பாரு!"

லாரி ஒரு முழம் பின்னால் வந்தது. கையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். "நிறுத்து!" என்று அவள் கத்தினாள், அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே. லாரி நின்றது. ஓட்டுபவன் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தான். மூன்றாம் மாடி ஜன்னலில் அவனுக்கு ஒரு பெண் மட்டும்தான் தெரிந்திருப்பாள். தோளிலிருந்த சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையை அவனுக்குப் பொறு என்று உயர்த்திப் பிடித்தபடி, பாதி உடம்பை உள்ளே இழுத்து, அடுத்த சொல்லுக்காக அவர் வாயருகே காதைக் கொண்டுபோய்க் காத்திருந்தாள்.