நிழலுக்கு முந்தி ஒரு தட்டு

கமலவேணி என் பள்ளிக்கூடத்துத் தோழி. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிப் பழகியவள். அவள் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும். நானும் என் கணவரும் ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறைக்குத் திருப்பருத்திக்குன்றம் வந்த மறுநாளே எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா மனோ, அந்த ஆளோட இருக்கமாட்டேன், கப்பல் ஏறி வந்துடறேன்னு சொல்லி அனுப்பினியே. இப்போ ஜோடியா வந்து எறங்கிக்கினு இருக்கீங்க. நடுவுல இன்னாதான் ஆச்சு?"

"மலை ஏறினோம்" என்றேன். அதோடு விடுகிறவளா அவள்? எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா மாப்பிள்ளையிடம் கேட்டது ஒரே கேள்விதான்: வெளிநாட்டில் இருக்கிறீர்களே, இந்த நியமம் தவறாமல் இருக்கிறீர்களா? சுமதிநாதன் தலையாட்டினார். அவர் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில், மோஷி என்ற ஊரில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி அங்கே போய் இறங்கிய முதல் நாளே, விளக்கைப் போட்டுக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார். கேட்டால், தனியாக இருந்ததில் பழக்கம் விட்டுப்போச்சு என்று சாதாரணமாகச் சொல்கிறார்.

எனக்கு வந்த கோபம் சோற்றுக்காக இல்லை. என் அப்பா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாரே, அதற்காக. அன்றிலிருந்து நான் பொழுதோடு தனியாகச் சாப்பிட்டேன், அவர் இருட்டில் தனியாகச் சாப்பிட்டார். ஒரே வீட்டில் மாதக்கணக்காக இருந்தும் ஒருநாள்கூடச் சேர்ந்து உட்காரவில்லை. ஊருக்கே போகிறேன் என்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த பனிமலையைப் பார்த்தார். வந்த நாளாய் அதில் ஏற ஆசை, பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு தடவை கூட வா, பிறகு மொம்பாசாவில் நானே கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்றார். போகிற போக்கில் இதையும் செய்து தொலைப்போம் என்று சம்மதித்தேன்.

வழிகாட்டியின் பெயர் சாமுவேல். மலையடிவாரத்து வாழைத்தோப்புக்காரர், தலை பாதி நரைத்தவர். மூட்டை தூக்க ஆட்களையும் அவரே கூட்டி வந்திருந்தார். அவர் வாயில் எப்போதும் ஒரே சொல்தான்: போலேபோலே. அவர்கள் பாஷையில் மெல்ல மெல்ல என்று அர்த்தம். புடவைக்குள்ளே கணவரின் கால்சட்டை, மேலே இரண்டு ஸ்வெட்டர், தோல் செருப்பு எங்களுக்கு ஆகாதென்று காலில் கேன்வாஸ் ஷூ. இந்தக் கோலத்தில் நான் நடந்தேன். முதலில் மழை சொட்டும் காடு, பிறகு புதர், பிறகு வெறும் கல். ஓடைத் தண்ணீரை நான் துணியில் வடிகட்டிக் குடிப்பதைப் பார்த்து மூட்டைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அடுத்த ஓடையில் அவர்களும் குவளையை நீட்டினார்கள்.

கடைசிக் குடிலுக்குப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். எனக்குத் தலை வெடிக்கும் வலி. கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் வாசலில் வெயில் இல்லை, குளிர் எலும்பைக் கடிக்கிறது. சாமுவேல் உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் வேகவைத்த பயறும் கொண்டுவந்து வைத்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். எங்கள் ஊருக்குப் பேரில்தான் குன்றம், சுற்றிலும் வயல்தான். நிழல் மூடினால் பொழுது போச்சு என்று சாப்பாட்டைவிட்டு எழுந்துவிடுகிற பழக்கம் எங்களுக்கு.

சாமுவேல் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கணவரிடம் ஏதோ நிதானமாகச் சொன்னார். நடுராத்திரிக்கு மேல் உச்சிக்குக் கிளம்பவேண்டும், வெறும் வயிற்றோடு இந்தப் பெண்ணை மேலே கூட்டிப்போய்ச் சாகடிக்கமாட்டேன், சாப்பிடாவிட்டால் விடிந்ததும் ஆளைத் துணைக்குப் போட்டுக் கீழே அனுப்பிவிடுவேன் என்றாராம்.

"நல்லதாப் போச்சு. அப்படியே மொம்பாசா போயிடறேன்" என்றேன். வீம்பாகத்தான் சொன்னேன். இறங்கினால் அதோடு எல்லாம் முடிந்தது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

என் கணவர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்து, ஒரு கையில் தட்டை எடுத்துக்கொண்டு மறுகையால் என் கையைப் பிடித்தார்.

"வா."

"எங்கே?"

"வெயில் இருக்குற எடத்துக்கு. பொழுது போவலை மனோ. மலை மறைச்சுக்கினு இருக்குது, அவ்ளோதான்."

வெளியே இழுத்துக்கொண்டு வந்து கிழக்கே காட்டினார். எதிரே இன்னொரு சிகரம், முழுசாகப் பொன்வெயிலில் நின்றது. எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய மலைதான் சூரியனை மறைத்திருந்தது. அதன் நிழல் குடிலைத் தாண்டிக் கல்வெளியில் ஒரு கோடு போட்டதுபோல நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பளீரென்று வெயில்.

அந்த உயரத்தில் பத்து அடி வைத்தாலே மூச்சு வாங்கும். என்னைத் தாங்கிக்கொண்டு, களி கொட்டாமல், இந்த மனுஷர் நடக்கிறார். ஒருவழியாகக் கோட்டைத் தாண்டினோம். முகத்தில் வெயில் பட்டதும் அவரே களியைப் பிட்டு என் வாயில் வைத்தார். இரண்டு வாய் விழுங்குவதற்குள் நிழல் காலைத் தொட்டது. மறுபடி நடந்தோம். மறுபடி ஒரு வாய். திரும்பிப் பார்த்தால் சாமுவேல் டீக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, போலேபோலே என்று கத்தியபடி எங்கள் பின்னால் ஓடி வருகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டுக்குப் போனபிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தட்டு காலியானபோது நிழல் எங்களைக் கடந்துவிட்டது. சிகரத்து வெயிலும் அவிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது, அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"நீங்க?"

"எனக்குப் பொழுது போச்சு" என்றார். இருட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிற மனுஷர் சொல்கிறார்! பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க அப்பாகிட்ட தலையாட்டினது பொய்தான். உன்னைப் பாத்துட்டேன். நெஜத்தைச் சொன்னா குடுக்கமாட்டாங்கன்னு பயம். தப்புதான், மனோ."

இத்தனை நாள் இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது.

குடிலுக்குத் திரும்பிச் சாமுவேல் எவ்வளவோ கெஞ்சியும் அவர் எதையும் தொடவில்லை. தாங்குவேன் என்று சாமுவேலிடம் சாதித்து, வெறும் வயிற்றோடுதான் மலை ஏறினார். சரளைச் சரிவு; ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். கொஞ்ச தூரம் போனதும் அவர் கால் பின்னத் தொடங்கியது. நான் முன்னாலும் சாமுவேல் பின்னாலுமாக அவரை நகர்த்திக்கொண்டு போனோம். என் கண் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையில் பொரிகடலையும் வெல்லமும் முடிந்து வைத்திருந்தேன்.

சூரியனின் விளிம்பு சிவப்பாகத் தெரிந்ததுதான் தாமதம், முடிச்சைப் பல்லால் அவிழ்த்து வெல்லத்தை அவர் வாயில் வைத்தேன். தாடை விறைத்து மெல்லக்கூட முடியவில்லை அவருக்கு. அப்படியே கரைய விட்டார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைத்துவிட்டேன்.

சாமுவேல் மேலே கைகாட்டினார். உச்சி பக்கத்தில்தான் இருந்தது. நான் தெம்பாகத்தான் இருந்தேன், போயிருப்பேன். நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கே இருக்கிறேன் என்று அவரும் சொன்னார். தனியாகப் போய் எனக்கென்ன வேலை அங்கே? இறங்குவோம் என்றேன். கப்பல் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

கமலவேணி மூக்கை உறிஞ்சினாள். அந்த நேரம் என் கணவர் உள்ளேயிருந்து வந்து, வெயில் கோயில் கோபுரத்து உச்சிக்குப் போய்விட்டது, இலை போட்டாச்சு, இரண்டு பேரும் வாருங்கள் என்று கூப்பிட்டார். இவள் சும்மா இருப்பாளா?

"ஏண்ணா, அவ்ளோ தூரம் போயி உச்சியப் பாக்காம வந்துட்டீங்களே, வருத்தமே இல்லியா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இருக்குதும்மா. உச்சியில வெயில் இன்னும் கொஞ்ச நேரம் நிக்குமாம். அங்க இருந்திருந்தா இவ ரெண்டு வாய் கூடுதலா சாப்ட்டிருப்பா."

நாங்கள் மூவரும் சாப்பிடப் போனோம். நான் முதல் கவளம் எடுக்கும்வரை அவர் இலையில் கை வைக்கவில்லை.