4.8 வாங்கிய இருக்கை

லெஷெக் தன்னோடு கட்டட வேலை பார்க்கும் ஊவேயிடம் வாங்கியிருந்த கடன் நூற்று நாற்பது யூரோ. காரில் பாதுகாப்பான குழந்தை இருக்கை இருந்தால்தான் ஞாயிறன்று மகளை அனுப்புவேன் என்று பிரிந்துபோன மனைவி ஸில்கெ சொல்லியிருந்தாள். பொருள்களைச் சோதித்து மதிப்பெண் போடும் இதழில் 4.8 என்று பார்த்து, அந்தக் கடன் பணத்தில் ஒன்றை வாங்கினான். அவன் படித்த போலந்துப் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் ஐந்து கிடைக்கும்.

ஞாயிறன்று மகளை அழைக்கப் போய் 4.8 என்று அவன் பெருமையாகச் சொன்னதும் வாசலிலேயே ஸில்கெ மறித்தாள். "ஜெர்மனியில ஒண்ணுதான்யா ஒசத்தி, அஞ்சுன்னா ஃபெயில். இதுலயா புள்ளைய உக்கார வெப்ப? அடுத்த மாசம் பாப்போம்."

காலி இருக்கையோடு தனியாகத் திரும்பினான்.

திங்கட்கிழமை கடையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பணத்தை அப்படியே ஊவேயிடம் நீட்டினான்.

"நல்லதா வேற ஒண்ணு வாங்கலையாடா?"

"புள்ள வர இன்னும் ஒரு மாசம் கெடக்கே. நீ எண்ணிப் பாத்துக்க," என்றான் லெஷெக்.