அப்பா கரைத்து வைத்தது

கெம்பம்மா அண்டாவைச் சாய்த்ததும் தண்ணீர் வாசற்படி தாண்டி ஓடியது. அப்பாவைத் தூக்கிப்போனவர்கள் இப்போதுதான் தெருமுனையில் திரும்பியிருந்தார்கள். தமட்டைப் பறையின் சத்தம் இன்னும் கேட்டது. சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி கெம்பம்மாவுக்கு இந்த மாதிரி வேலையென்றால் பம்பரம்தான். குடம், தவலை, செம்பு என்று கவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

கனகாவின் கண் கொட்டகை ஓரத்து நீல வாளியில் நின்றது.

காலையில் அப்பா மல்லப்பன் மருந்து கரைத்து வைத்த வாளி அது. தக்காளி நாற்றை நடுமுன் வேரை அதில் முக்க வேண்டும். ஹனூர் நிலத்தை விற்றுவிட்டு மைசூர் பக்கம் குத்தகைக்கு வந்தவருக்கு இரண்டு போகமும் வாடல் நோயில் போயிற்று. காய் பிடிக்கும் நேரத்தில் செடி பச்சையாகவே தலை தொங்கிவிடும். இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். மைசூரில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் சோதனைக்கென்று ஒரே ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள். மண்ணிலிருந்து எடுத்த நல்ல பாக்டீரியா, வேரைச் சுற்றிக் குடியேறி நோயை அண்டவிடாதாம். அப்பா அதைக் கைக்குழந்தையாகப் பார்த்துக்கொண்டார். வெயில் படக் கூடாது, பூச்சிமருந்து தொட்ட கை படக் கூடாது. "உசுரு இருக்குது கண்ணு இதுல" என்றபடி கரைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எழவில்லை.

கெம்பம்மா வாளியைத் தூக்கினாள்.

கொட்டாதே என்று கனகாவுக்கு வாய் வரை வந்துவிட்டது. அப்பன் சுடுகாட்டுக்குப் போகிறான், மகள் தக்காளியை நினைக்கிறாள் என்று ஊர் சிரிக்காதா? வாயை மூடிக்கொண்டாள். வெளுத்த கலங்கல் சாக்கடையில் இறங்கியது. அதன்மேல் கெம்பம்மா பிளீச்சிங் பவுடரையும் தாராளமாகத் தூவினாள்.

அப்போதுதான் கனகா வாய்விட்டு அழுதாள். கெம்பம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அழு மகளே, நல்லா அழு. காலையிலிருந்து கல்லாட்டம் இருந்தியே."

பால் தெளித்த மறுநாள் அம்மா சித்தம்மா தானாக எழுந்து களைக்கொத்தை எடுத்தாள்.

"நாத்து முத்திப்போவுது கனகா. உங்கப்பன் கரைச்ச மருந்து இருக்குதல்ல?"

அப்பா போனதிலிருந்து செத்துக் கிடந்த அந்த முகத்தில் இப்போதுதான் ஏதோ அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது?

"இருக்குதம்மா."

கிணற்றடியில் வாளியை நிரப்பினாள். தண்ணீர் தெளிவாக அடி வரை தெரிந்தது. அடுப்படிக்குப் போய் ஒரு கை அரிசி மாவைக் கொண்டுவந்து போட்டுக் கலக்கினாள். வெளுத்துக் கலங்கிற்று.

ஒவ்வொரு நாற்றாக முக்கி எடுத்துக் கொடுத்தாள். அம்மா குழியில் வைத்து, மண்ணை அணைத்து, மெல்லத் தட்டினாள். ஒரு நாற்றை வாங்கியவள் வேரைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா முக்கு கண்ணு. வேரு பூரா நனையோணும்னு சொல்லுவாரு."

கனகா அந்த நாற்றைத் திருப்பி வாங்கி, மறுபடியும் முக்கினாள்.