தொட்டிக்கட்டு வீட்டில் மயிலாள்

திரையில் நடுமுற்றம் வைத்த பெரிய தொட்டிக்கட்டு வீட்டைப் பூட்டினார்கள். வீட்டை இழந்த பெரியவர் தூணைக் கட்டிக்கொண்டு கதறினார். நல்லூரிலிருந்து மயிலாளோடு வேனில் படம் பார்க்க வந்திருந்த பனியன் கம்பெனி ஆட்கள் வரிசையாக மூக்கைச் சிந்தினார்கள். மயிலாளுக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரும்பினால், அவள் மகள் பிரியங்காவும் அழுதுகொண்டிருந்தாள்.

"நீ எதுக்குடி அழுவற?"

"பாவமா இருக்குதும்மா. நம்ம ஊடே போன மாதிரி இருக்குது."

மயிலாள் விருட்டென்று எழுந்து வெளியே போனாள். மகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நம்ம ஊடா? கொமரலிங்கத்துல நானும் எங்கம்மாளும் சாணி அள்ளுன ஊடுடி அது. பன்னெண்டு வருசம். உள்ளார எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கறேன், அதுவும் தியேட்டர்ல. தண்ணி கேட்டா மாட்டுக் கொட்டாயோரம் நிக்க வெச்சு, கொட்டாங்குச்சில தூக்கி ஊத்துவாங்க. படம் எடுத்தவன் அத ஒரு தடவையாவது காட்டுனானா?"

மகளை இருபத்திரண்டு வயதுவரை இதையெல்லாம் மறைத்து வளர்த்தது தான்தானே என்று மயிலாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு மகள்தான் பிடிவாதமாக அவளைக் கொமரலிங்கத்துக்குக் கூட்டிப்போனாள். படம் வந்ததிலிருந்து அந்த வீட்டைப் பார்க்க ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் நஞ்சப்பன் வாசலில் நின்று எல்லோரையும் "வாங்க, வாங்க" என்று அழைத்தார். மயிலாளைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"மயிலாளா? நீ பொறகால வா. பழக்கம் மறந்துபோச்சா?"

அவள் கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது. அதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"மறக்கலீங்க. அதனாலதான் முன்னால வந்தேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்ததால் நஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முற்றம் படத்தில் பார்த்ததைவிடச் சிறியது. பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்ப் பெண்ணொருத்தி கண் கலங்கினாள். "எவ்வளவு பாசமா வாழ்ந்திருப்பாங்க, இல்லீங்களா?"

"நான் இங்க வேலை செஞ்சவளுங்க. கேளுங்க, சொல்றேன்" என்றாள் மயிலாள்.

நடுமுற்றத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதிப்பேர் முகம் சுளித்து நகர்ந்தார்கள். மீதிப்பேர் அசையவில்லை. பிரியங்கா அம்மாவை ஒட்டி நின்றாள்.