செய்யுளில் அடங்காத குவளை

தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை. மாவுச் சாக்கைத் துவைத்துப் பிரித்து வைத்திருந்த அம்மாக்கண்ணு, பாடையில் கிடந்த தம்பியின் மேல் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தையே மூடினாள். கோடித் துணிக்கு எங்கே போவது? ஜப்பான்காரன் வந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உயிரோடு இருக்கிறவர்களே சாக்கைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஞானசுந்தரம் தொண்டையைச் செருமினார். பக்கத்தில், இந்தியாவை விடுவிக்கப் போகிற படைக்கு ஆள் சேர்க்கும் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். தம்பி செல்லையா போன வருஷம் அவர்களோடு போனவன். பயிற்சி முகாமில் மரத்துப்பாக்கி பிடித்தான்; சீதபேதி கண்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டையை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கிராணி கெட்டவர் அல்ல. காலையில் வந்து முறையாகத்தான் கேட்டார்.

"தம்பியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு அம்மாக்கண்ணு. பாட்டுல வெக்கணும்."

"தனியா ஒரு தகரக் கொவளை வெச்சிருந்தான் ஐயா. எம்புள்ளைக்கு ஒட்டிக்கும்னு என்னைக் கிட்டயே விடல. எந்திரிக்க முடியாதப்பகூட லயத்துக்குப் பின்னால தவழ்ந்து போயி, அவன் துணிய அவனே அலசுனான்."

கிராணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அதெல்லாம் செய்யுள்ல அடங்காதும்மா."

அடங்கியதை இப்போது படித்தார்.

"புலியெனப் பாய்ந்தான், பகைவர் ஓடிட;
மலையென நின்றான், மார்பினில் குண்டு
மழையென விழவும் மலர்ந்து சிரித்தான்!"

புலி, மலை, மழை என்று அடுக்கடுக்காக வந்து விழுந்தபோது ஆண்களின் கூன் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வற்றிப்போன உடம்புகள். அம்மாக்கண்ணுவுக்கே ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. பொய்யாக இருந்தால் என்ன, கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள். தங்கராஜுவின் உதடு அந்த வரிகளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே அவனுக்கும் படையில் சேரும் ஆசை. மச்சான் எழுந்து உட்காரட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தவன்.

"செல்லையா விட்டுட்டுப் போன எடத்துக்கு யாரு வர்றீங்க? லோரி ரோட்டுலதான் நிக்குது" என்றார் சங்கத்துக்காரர்.

தங்கராஜு ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

ஊர் ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் புருஷனை "போகாதே" என்று அதட்ட முடியாது. ஆனால் செத்த வீட்டில் அக்காள் ஒப்பாரி வைத்தால் எந்தச் சங்கமும் வாயை மூடு என்று சொல்ல முடியாது. அம்மாக்கண்ணு தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள்.

"கொவளைய ஒதுக்கி வெச்சு – என் தம்பி
கூடக் குடிக்காதவனே
எம்புள்ளைக்கு ஒட்டுமின்னு – என் தம்பி
எட்டிப் படுத்தவனே
தவந்து தவந்து போயி – என் தம்பி
தந்துணிய அலசினவனே..."

அடுத்த வீட்டு வேலாயி ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "என் தம்பி, என் தம்பி" என்று மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். புலிக்கு வராத அழுகை அவர்களுக்குக் குவளைக்கு வந்தது. கிராணி தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார். பிறகு கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

முன்னால் வைத்த காலைத் தங்கராஜு எடுக்கவும் இல்லை, அடுத்ததை வைக்கவும் இல்லை. சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த தகரக் குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னண்ணே, வர்றீங்களா?" என்றார் சங்கத்துக்காரர்.

"பொணத்தத் தூக்கணும்லா" என்றான். "ஆளு பத்தாது."

ஆள் பத்தாமல் இல்லை. செல்லையா இருந்த இருப்புக்கு இரண்டு பேரே போதும். தங்கராஜு பாடையின் கால்மாட்டுக்கு வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, சாக்குக்கு வெளியே தெரிந்த பாதங்களை மூடினான். பிறகு குனிந்து மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டான்.