ஸ்ரீபாலன் வடிகட்டிய தண்ணீர்

"உசுரைக் கொன்னுட்டு வந்து நிக்கிறியே, நீ ஜைன வீட்டுப் பொண்ணா?"

"கொன்னது நான் இல்லப்பா. நீங்க!"

என் அரிவாள்மணை தானாகவே சன்னலோரம் நகர்ந்தது. எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடப்பவர் எதிர்வீட்டு அரிசி மண்டி ஸ்ரீபாலன். பெற்ற மகளே அவரைக் கொலைகாரர் என்கிறாள். கீரையா முக்கியம்?

மகள் திரிசலா மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவி. மாணவர் போராட்டத்தில் கல்லூரியை மூடிவிட்டார்கள். தீனி போட ஆளில்லை என்று வெள்ளை எலிகளைக் கூண்டோடு பஸ்ஸில் ஏற்றி, சின்ன காஞ்சிபுரத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். சிறுநீரகத்தின் மேலே இருக்கும் ஏதோ சுரப்பியை அவற்றுக்கு எடுத்திருந்தார்கள். எதற்கென்று நான்தான் கேட்டேன். நான் கேட்காவிட்டால் இந்தத் தெருவில் யார் கேட்பார்கள்?

"பயம் வந்தா அந்தச் சுரப்பியிலேருந்து ஒரு ரசம் ரத்தத்துல கலக்குது மாமி. மூளையில ஞாபகம் பதியற இடத்துல, அதைப் பிடிச்சு வெச்சுக்கறதுக்குன்னே மாடம் மாடமா இருக்குது. அளவா வந்து உக்காந்தா பாடம் நல்லா பதியுது. வழிஞ்சுதுன்னா தெரிஞ்சதுகூட வாயில வராது. சுரப்பி இல்லாத எலி எப்படிக் கத்துக்குதுன்னு பார்க்கறோம்."

"கத்துண்டப்புறம்?"

அவள் பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் ஸ்ரீபாலனுக்கு விடை தெரியும். மூளையைப் பார்க்க வேண்டுமானால் எலியை அறுக்கத்தானே வேண்டும்? அதனால்தான் இனி மெட்ராஸ் கிடையாது, தை பிறந்தால் கல்யாணம் என்று, மாப்பிள்ளையாகப் பார்த்திருந்த வர்த்தமானன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். திரிசலாவோ எப்படியும் திரும்பிப் போயே தீருவதென்று இருந்தாள்.

இதற்கிடையில் வந்தவாசி அத்தை வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. "அந்தத் தண்ணியை மட்டும் மாத்தாதீங்கம்மா" என்று தாயார் தயாவதியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஸ்ரீபாலன் கூண்டுத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு! வாயில்லா ஜீவனுக்கு இப்படியும் ஒரு தண்டனையா? தன் வீட்டு வழக்கப்படி, பூச்சி புழு சாகாதபடி துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்த நல்ல தண்ணீரை வேளை தவறாமல் ஊற்றினார். திரிசலா திரும்பியபோது ஒரு எலியும் மிச்சமில்லை. சுரப்பியை எடுத்ததால்தான் செத்தன என்று அவர் ஆரம்பித்த சண்டைதான் நான் கேட்டது.

"வடிகட்டித்தான்டி ஊத்தினேன்!"

"சுரப்பி இல்லாத ஒடம்புல உப்பு நிக்காதுப்பா. அந்த உப்புத் தண்ணியாலதான் அதுங்க உசுரோட இருந்துதுங்க."

அதற்கப்புறம் எதிர்வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். சன்னலில் நின்று எனக்குக் கால்வலிதான் மிச்சம்.

அடுத்த வாரம் தயாவதி குழாயடியில் அழுதாள். "திருப்பருத்திக்குன்றம் கோயில்ல நிக்கிறார் மாமி. ஐஞ்சு வயசுலேருந்து சொல்ற மந்திரம், முதல் அடிக்கு மேல வரலை. எலிங்க காலை நீட்டிக்கினு கிடந்ததுதான் கண்ணுல நிக்குதுங்கறார்."

அன்று மாலை விளக்கு வைக்குமுன், ஸ்ரீபாலன் சாப்பிட உட்காரும் வேளையில், நான் மறுபடி சன்னலில்.

"ஏம்மா, அந்தச் சுரப்பியை எடுத்துட்டா எனக்கு இது மறந்துடுமா?"

"தெரியாதுப்பா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் போகணும்ங்கறேன்."

"இனிமே கொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

கொலைக்கும் பொய்க்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட மனிதர், தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உன்னைக் கேக்கற வாய் இப்ப எனக்கு இல்ல. போ" என்றார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டியபின் அவர்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. அன்று அவர் பட்டினி.

எலி அறுக்கும் கை தங்கள் அடுப்பங்கரைக்கு ஆகாதென்று வர்த்தமானன் வீட்டார் விலகி, அவனுக்கு ஜ்வாலாமாலினி என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். ஸ்ரீபாலன் மண்டி எலிகளுக்கு ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார். அவை அதைச் சீண்டவில்லை, அரிசியோடு சரி.

திரிசலா பட்டம் வாங்கி, பெங்களூரில் வேறு எலிகளோடு குடியேறினாள். கூடவே வேலை பார்த்த பாஷ்யம் என்கிற வைஷ்ணவப் பையனையே கல்யாணமும் செய்துகொண்டாள். பாஷ்யம் என் நாத்தனார் பிள்ளை. இந்தத் தெருவில் எனக்குத் தெரியாமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.